கூடம் கோணலா என்று பார்த்த பிறகு

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ இந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் குறைவாகத்தான் இருப்பார்கள். மதிப்பெண் குறைந்துபோய், கேள்வித்தாள் கஷ்டம் என்று சொன்னால் இது வரும். குழம்பு அடிப்பிடித்து, சட்டி மெல்லிசு என்று சொன்னாலும் இது வரும். ஒவ்வொரு முறையும் நாம் அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். சிரித்தவர்களில் ஒருவராவது எழுந்து போய்க் கூடத்தைப் பார்த்ததாகக் கதை இல்லை.

நிஜமாகவே கூடம் கோணலாக இருந்தால்? அதை யார் கண்டுபிடிப்பது? ஒருவருக்கு ஒரு காரியம் வரவில்லை என்றால், ‘இன்னும் கொஞ்சம் முயற்சி செய்’ என்று அவரிடம் எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக்கூடாது? இந்தக் கேள்விகள் எனக்கு நாட்டியத்தின் வழியாக வரவில்லை. யுகுலேலே என்ற சின்ன வாத்தியத்தின் தலைப்பக்கம் இருக்கும் நான்கு குமிழ்களின் வழியாக வந்தன.

யுகுலேலேயை நம்மில் பலர் ஒரு விளையாட்டுச் சாமானாகவே நினைக்கிறோம். பார்க்க கித்தாரின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். பிறந்த இடம் ஹவாய். அங்கே ‘உகுலேலே’ என்பார்கள். துள்ளும் தெள்ளுப்பூச்சி என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வது வழக்கம். அதன் முன்னோர் போர்ச்சுகலின் மடேராத் தீவைச் சேர்ந்த மஷேட்டே என்ற வாத்தியம். 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் மடேராவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலுவுக்கு வந்தது. அதில் வந்த மனுவேல் நூனஸ், அகஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாந்தோ ஆகிய மூவரும் மரவேலை தெரிந்தவர்கள். பிற்பாடு ஹொனலூலுவில் இந்த வாத்தியத்தைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த கப்பலில் வந்து இறங்கிய இசை இது. மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இந்த வரியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் கடக்க முடியும்.

வாத்தியத்துக்கு நான்கு தந்திகள். வழக்கமான சுருதி ஜி, சி, ஈ, ஏ. தந்தியின் ஒரு முனை கீழே கட்டப்பட்டிருக்கும். மறுமுனை தலைப்பக்கம் ஒரு முறுக்காணியில் சுற்றப்பட்டிருக்கும். கித்தாரில் இருப்பது பல்சக்கரம் வைத்த முறுக்காணி. குமிழைச் சுமார் 14 தடவை சுற்றினால்தான் தந்தி சுற்றியிருக்கும் தண்டு ஒரு சுற்று சுற்றும். கை கொஞ்சம் தவறினாலும் சுருதி பெரிதாகத் தவறாது. கையை எடுத்த பிறகு தந்தி எவ்வளவு இழுத்தாலும் சக்கரத்தின் பல் விட்டுக்கொடுக்காது.

பழைய பாணி யுகுலேலேக்களிலும் மலிவு யுகுலேலேக்கள் சிலவற்றிலும் அந்தச் சக்கரம் கிடையாது. ஒரு தண்டு, ஒரு குமிழ், இரண்டு வளையம், குமிழின் நடுவில் ஒரு திருகு. அவ்வளவுதான். குமிழ் ஒரு சுற்று சுற்றினால் தண்டும் ஒரு சுற்று சுற்றும். தந்தி தன்னை அவிழ்த்துக்கொள்ளாமல் பிடித்து வைத்திருப்பது வெறும் உராய்வு. வீணை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வீணையின் மரப்பிரடை நிற்பதும் மரத்தோடு மரம் உராய்வதால்தான். இப்போது வீணைக்கும் கித்தார் மாதிரி சாவி வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தந்தியைப் பிடித்து வைப்பதும் உராய்வுதான், நாம் திருப்பும்போது எதிர்ப்பதும் அதே உராய்வுதான். குமிழின் திருகைத் தளர்த்தினால் திருப்புவது சுலபம், ஆனால் கையை எடுத்ததும் தந்தி தானாக அவிழும். திருகை இறுக்கினால் தந்தி நிற்கும், ஆனால் திருப்ப முடியாது. பள்ளியில் நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று இரண்டு படித்திருப்போம். நிற்கும் பொருளை நகர்த்தத் தொடங்க அதிக பலம் வேண்டும். நகரத் தொடங்கிய பிறகு அவ்வளவு வேண்டாம். அதனால் இறுகிய முறுக்காணி முதலில் அசையவே அசையாது. இன்னும் அழுத்துவோம், அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தும்போது ‘டக்’கென்று விடுபட்டு, நாம் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். ஒரு அரைச்சுரம் என்பது 100 சென்ட். அதில் 5, 6 சென்ட் விலகினாலே பழகிய காதுக்கு உறுத்தும். ஒரு ‘டக்’கில் அதைவிடப் பெரிய தூரம் போய்விடும்.

வயலின் வில் தந்தியின் மேல் ஒட்டி நழுவி, ஒட்டி நழுவித்தான் அந்த நாதத்தை எழுப்புகிறது. அதே ஒட்டலும் நழுவலும் முறுக்காணியில் நடந்தால் இசை தொடங்குவதற்கு முன்பே மனசு உடைந்துவிடும். உராய்வு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எங்கே, எவ்வளவு, யார் கையில் என்று கேட்டால்தான் கிடைக்கும்.

*

எங்கள் தாமான் மண்டபத்தில் கொஞ்ச காலம் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு இலவச யுகுலேலே வகுப்பு நடந்தது. நான் உதவிக்குப் போவேன். யாரோ நன்கொடையாகக் கொடுத்த பன்னிரண்டு யுகுலேலேக்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கு உராய்வு முறுக்காணிகள். வகுப்பின் முதல் அரைமணி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போகும். ஏர்கோன் போட்டால் ஒரு சுருதி, நிறுத்திக் கதவைத் திறந்தால் இன்னொரு சுருதி.

அதில் பத்து வயசுப் பையன் ஒருவன். அவனுடைய மூன்றாவது தந்தி எப்போதும் ஒன்று கீழே இருக்கும், இல்லாவிட்டால் மேலே இருக்கும். “நான் சரியாத்தான் திருப்புறேன் அக்கா. அதுதான் நிக்க மாட்டேங்குது” என்பான். உதவிக்கு வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். கோயில் பஜனையில் பல வருஷம் வாசித்தவர், நல்ல கை. அவர் அந்த யுகுலேலேயை வாங்கி அரை நிமிஷத்தில் சுருதி சேர்த்துக் கொடுத்தார். “பாரு, வருதே! நீ காதுகொடுத்துக் கேக்கறதில்ல.” அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் என்னிடம் மெதுவாகச் சொன்னார், “இவனுக்குக் காது கெடையாதும்மா. மிருதங்கம், கஞ்சிரான்னு எதாச்சும் பழகட்டும்.” மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் பையனுக்குக் கேட்டுவிட்டது.

அதன் பிறகு அவன் குமிழைத் தொடுவதையே விட்டுவிட்டான். வந்ததும் யுகுலேலேயை நீட்டுவான். “நீங்களே செஞ்சி குடுங்கக்கா.” முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. தன்னைப் பற்றி ஒரு தகவல் தெரிந்துகொண்டவன் மாதிரி இருந்தான். எனக்கு அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

நான் செய்தது ரொம்பச் சின்ன வேலை. தந்தியை மீட்டி, “இதப் பாடிக் காட்டு” என்றேன். பாடினான். சரியாக இருந்தது. இன்னொன்று மீட்டினேன். அதுவும் சரி. அப்படியானால் காது இருக்கிறது. ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூன்றாவது தந்தியின் குமிழைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த பிளாஸ்டிக் வளையம் விரிசல் விட்டிருந்தது. திருகை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் பிடிக்கும், இன்னொரு பக்கம் நழுவும். வாசிக்க முடியாமல் மூலையில் கிடந்த வேறொரு யுகுலேலேயிலிருந்து வளையத்தை எடுத்து மாற்றினேன். திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கி, குமிழ் வழுவழுவென்று திரும்பி, விட்டதும் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்காரும் வெள்ளைப் பட்டை இருக்கிறது அல்லவா, அதன் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டேன். தந்தி அங்கே சிக்கிக்கொண்டாலும் இதே ‘டக்’ வரும்.

பிறகு ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். சுருதி மேலே போய்விட்டால் மேலேயிருந்து இறக்கி நிறுத்தாதே. நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து நிறுத்து. இறக்கி நிறுத்தினால் தந்தியில் எங்கேயோ ஒரு தளர்வு ஒளிந்திருக்கும், இரண்டு முறை மீட்டியதும் அது வெளியே வந்து சுருதி விழும். ஏற்றி நிறுத்தினால் தளர்வுக்கு இடமில்லை.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிடவில்லை. அவனுக்குக் கை பழக இன்னும் மூன்று வாரம் ஆனது. தாண்டிப் போவான், இறக்குவான், திரும்ப ஏற்றுவான். ஆனால் இந்த மூன்று வாரத்தில் ஒருநாள்கூட யுகுலேலேயை என்னிடம் நீட்டவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, “இப்ப சொன்ன பேச்ச கேக்குதுக்கா” என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

*

கடினம் இரண்டு வகை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, சொன்ன பேச்சைக் கேட்கும் கடினம். கொஞ்சம் முயன்றால் கொஞ்சம் நகரும், அதிகம் முயன்றால் அதிகம் நகரும். தவறு செய்தால் எந்த அளவுக்குத் தவறு என்று அதுவே காட்டும். மலை ஏறுவது அப்படி. தறியில் நெய்வது அப்படி. இன்னொன்று, சொன்ன பேச்சைக் கேட்காத கடினம். முயற்சிக்கும் விளைவுக்கும் நடுவில் கயிறு அறுந்திருக்கும். மெதுவாகத் திருப்பினாலும் ‘டக்’, கவனமாகத் திருப்பினாலும் ‘டக்’. முதல் வகை மனிதனுக்கு ஒரு திறனைக் கற்றுக்கொடுக்கிறது. இரண்டாவது வகையும் கற்றுக்கொடுக்காமல் இல்லை. ‘உன்னால் முடியாது’ என்பதைக் கற்றுக்கொடுக்கிறது. அதுவும் மிக நன்றாக.

வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஒரு பையன் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், வரவில்லை. அவ்வளவுதான் காட்சி. நாம் உடனே பொறுமை, உழைப்பு, கவனம் என்று அறிவுரைகளை எடுத்து நீட்டுகிறோம். முதல் வகைக் கடினத்தில் மாட்டியிருப்பவனுக்கு அது நல்ல அறிவுரை. இரண்டாவது வகையில் மாட்டியிருப்பவனுக்கு அதே அறிவுரை ஒரு கொடுமை. அவன் எவ்வளவு கவனமாக இருக்கிறானோ அவ்வளவு ஆழமாகத் தன் தோல்வியை நம்புவான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். எல்லாவற்றையும் சுலபமாக்கிவிட்டால் மனுசனுக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆல்பர்ட் போர்க்மன் என்ற தத்துவப் பேராசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் பேசினார். விறகு அடுப்பு ஒரு காலத்தில் வீட்டின் மையம். ஒருவர் விறகு கொண்டுவர வேண்டும், ஒருவர் தீ மூட்ட வேண்டும், எல்லாரும் அதைச் சுற்றி உட்கார வேண்டும். சுவருக்குள் ஒளிந்த வெப்பக் கருவி வந்ததும் சூடு மட்டும் மிஞ்சியது, மற்றதெல்லாம் போய்விட்டது என்றார். காண்ட் சொல்லும் புறாவும் உண்டு. காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்கும் புறா, காற்றே இல்லாவிட்டால் இன்னும் நன்றாகப் பறக்கலாமே என்று நினைத்துக்கொள்ளக்கூடும். தன்னைத் தாங்குவதே அந்தக் காற்றுதான் என்று அதற்குத் தெரியாது.

அதே வகுப்பில் இதற்கும் சாட்சி இருந்தது. ஒரு பெண்பிள்ளை சொந்தமாக நல்ல யுகுலேலே கொண்டுவருவாள். பல்சக்கர முறுக்காணி, தலையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மின் ட்யூனர். பச்சை விளக்கு எரியும்வரை திருப்புவாள். பத்து விநாடியில் முடிந்துவிடும். ஒருநாள் ட்யூனரின் பேட்டரி தீர்ந்துவிட்டது. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் காது இருந்தது. ஆனால் அந்தக் காதுக்கு யாரும் வேலை கொடுத்ததில்லை. கண் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உராய்வு முறுக்காணியோடு மல்லுக்கட்டிய பையன் அதற்குள் தந்தி மேலே போகிறதா கீழே போகிறதா என்று கேட்டே சொல்லப் பழகியிருந்தான்.

ஆகவே உராய்வை ஒழித்துவிட வேண்டும் என்பதல்ல என் கட்சி. உராய்வு இல்லாவிட்டால் தந்தி நிற்காது, புறா பறக்காது. ஆனால் போர்க்மன் புகழும் அந்த விறகு அடுப்பு எரிகிற அடுப்பு. புகைபோக்கி அடைத்துக்கொண்ட அடுப்பின் முன்னால் ஒருவரை உட்காரவைத்து, கண்ணெரிச்சலும் ஒரு பயிற்சிதான் என்று சொன்னால் அதைத் தத்துவம் என்று ஏற்றுக்கொள்ள முடியாது. கடினத்தைப் புகழ்பவர்களில் பலர் அந்தக் கடினத்தை ஏற்கனவே தாண்டியவர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். விரும்பினால் சக்கரம் வைத்த வாத்தியம் வாங்கிக்கொள்ள முடிந்தவருக்கு உராய்வு ஓர் அழகியல். இருப்பதே அது ஒன்றுதான் என்பவருக்கு அது விதி.

*

முறுக்காணியைப் பற்றி யோசிக்கும் யாருக்கும் சோணனின் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. பௌத்தர்களின் பாலி நூல்களில் வருவது. செல்வக் குடும்பத்தில் பிறந்து துறவியான சோணன், கால் கிழிந்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்கிறான். பலன் இல்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று நினைக்கிறான். புத்தர் வருகிறார். நீ வீட்டில் இருந்தபோது வீணை வாசிப்பாய் அல்லவா என்று கேட்கிறார். தந்தி மிக இறுக்கமாக இருந்தால் வீணை பேசுமா? மிகத் தளர்வாக இருந்தால்? இரண்டும் இல்லாமல் சமமாக இருந்தால்? முயற்சியும் அப்படித்தான் என்கிறார்.

இந்தக் கதையை நடுவழிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ரத்தம் வடியும் காலோடு நிற்பவனிடம் புத்தர், இன்னும் முயன்று பார் என்று சொல்லவில்லை. உன் பக்தி போதாது என்றும் சொல்லவில்லை. உன் தந்தியின் இறுக்கம் என்ன என்றுதான் கேட்டார். ஆளைத் தீர்ப்பிடுவதற்கு முன் கருவியைப் பார்த்தார்.

ஆனால் அந்தக் கதையில் முறுக்காணி வரவில்லை. சரியான இறுக்கம் எது என்று தெரிந்துகொள்வது ஒரு விஷயம், அந்த இறுக்கத்தில் நிற்பது இன்னொரு விஷயம். அந்தப் பையனுக்குச் சரியான சுரம் எது என்று தெரியும், பாடியே காட்டினான். அதில் நிறுத்திவைக்கும் பிடிமானம்தான் அவன் கையில் இல்லை. நடுவழியில் நட என்று ஒருவரிடம் சொல்லும்போது, அங்கே காலூன்ற அவருக்கு என்ன இருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே காட்டுக்குப் போக வேண்டும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். மழை பெய்தால் வெட்ட முடியாது. “மழ பேஞ்சா வேல இல்ல, வேல இல்லாட்டி காசு இல்ல” என்பார். எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் வானத்துக்கு அது தெரியாது. விலை எங்கேயோ தீர்மானமானது, வீடு தோட்டத்துடையது, வேலை போனால் வீடும் போகும். முயற்சிக்கும் விளைவுக்கும் நடுவில் அத்தனை இடத்தில் நழுவும் ஒரு முறுக்காணி. அந்த மக்களைப் பார்த்துத்தான் வெளியே இருந்தவர்கள், உழைத்தால் முன்னேறலாமே, குடித்தே அழிகிறார்களே என்றார்கள்.

மலேசியச் சமூகவியலாளர் சையது ஹுசேன் அலாத்தாஸ் 1977இல் எழுதிய நூல் சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதையைப் பற்றியது. மலாய்க்காரர்கள், ஜாவானியர்கள், பிலிப்பினோக்கள் ஆகியோரைச் சோம்பேறிகள் என்று சொன்ன காலனியச் சித்திரம் எப்படி உருவானது, அது யாருக்குப் பயன்பட்டது என்று அவர் ஆராய்ந்தார். அவர் எழுதியது நம்மைப் பற்றியல்ல. ஆனால் அவர் காட்டிய வழி நமக்கும் உதவும். ஒரு கூட்டத்தின் மேல் ஒரு குணத்தை ஒட்டுகிறார்கள் என்றால், அந்தக் குணம் இருக்கிறதா என்பதோடு, அப்படி ஒட்டுவதால் எந்தத் திருகைப் பார்க்காமல் தப்பிக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இலக்கியத்திலும் இதைப் பார்க்கிறேன். ஒரு நாவல் இருபது பக்கத்துக்கு மேல் நகரவில்லை என்று சொல்லும் இளம் வாசகரிடம், உனக்கு இன்னும் வாசிப்புப் பயிற்சி போதாது என்று சொல்வது நம் சூழலில் வழக்கம். சில சமயம் அது உண்மை. நல்ல நாவல் ஒன்று முதலில் இறுக்கமாக இருக்கும், இரண்டாம் முறை போனால் கொஞ்சம் திரும்பும், மூன்றாம் முறை இன்னும் கொஞ்சம். ஆனால் எத்தனை முறை போனாலும் அதே இடத்தில் ‘டக்’கென்று நழுவும் எழுத்தும் உண்டு. அங்கே கோளாறு வாசகரின் காதில் இல்லை. முதல் தடவை இறுகியதும் புத்தகத்தைத் தூக்கிப் போடுவது தப்பு. மூன்றாம் தடவையும் எதுவும் நகராதபோது தன்னைத் திட்டிக்கொள்வதும் தப்புதான்.

*

இப்படிப் பேசினால் எல்லாரும் கருவியைக் குறை சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்களே என்று கேட்கலாம். நியாயமான பயம். பழமொழி உருவானதும் அந்தப் பயத்தில்தான். ஆனால் திருகைப் பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. பார்த்து, அது சரியாக இருக்கிறது என்று தெரிந்தால், ‘இப்போ பழகு’ என்று மனசாட்சியோடு சொல்லலாம். பார்க்காமல் சொல்லும்போது நாம் சொல்வது உண்மையா பொய்யா என்று நமக்கே தெரியாது.

இதில் கஷ்டமான பகுதி வேறு. புதிதாகக் கற்பவருக்குக் குறை தன்னிடமா கருவியிடமா என்று தெரியவே தெரியாது. நல்ல முறுக்காணியைத் திருப்பிப் பார்த்தவருக்குத்தான் கெட்ட முறுக்காணி எது என்று தெரியும். பையனின் கையில் வந்த முதல் யுகுலேலே அது. ஒப்பிட்டுப் பார்க்க அவனிடம் வேறு எதுவும் இல்லை. அதனால் அவன் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். ஆக, பார்க்க வேண்டிய பொறுப்பு தெரிந்தவருடையது.

தெரிந்தவருக்கும் ஒரு மறைப்பு உண்டு. அந்தப் பெரியவர் நல்ல மனுசர், பிள்ளைகள் மேல் பிரியம் உள்ளவர். அரை நிமிஷத்தில் சுருதி சேர்த்தது நிஜம். அவர் எப்படிச் சேர்த்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். குமிழைத் திருப்பும்போது உள்பக்கமாக அழுத்திப் பிடித்தார். இடது கையால் தந்தியை லேசாக இழுத்துவிட்டார். சுரம் தாண்டியதும் தந்தியை ஒரு தடவை அமுக்கி அதை இறக்கினார். இதில் எதையும் அவர் யோசித்துச் செய்யவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் விரிசல் விட்ட வளையத்தின் குறையைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அவருடைய திறமையே குறையை அவர் கண்ணிலிருந்து மறைத்தது. ‘எனக்கு வருதே’ என்பது கருவி நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. அவர் கை நன்றாக இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி.

ஒரு துறையில் முந்தி வந்தவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஆசிரியர், பத்திரிகையாசிரியர், முதலாளி, பெற்றோர் என்று யாராக இருந்தாலும் சரி. ‘நான் செய்யலையா?’ என்ற வாக்கியம் நாக்கின் நுனியில் வந்து நிற்கும்போது, செய்யும்போது என் கை வேறு என்னென்ன செய்துகொண்டிருந்தது, அதை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், அது இவனிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

சில முறுக்காணிகளைச் சரிசெய்யவே முடியாது. துளை கோணலாகப் போயிருக்கும், இறுக்கினால் ஒட்டும், தளர்த்தினால் நழுவும், நடுவில் ஓர் இடமே இருக்காது. அப்போது கழற்றிவிட்டுச் சக்கரம் வைத்ததை மாட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உள்ளுக்குள்ளே நுண்ணிய சக்கரங்கள் வைத்து, வெளியே பழைய முளை போலவே தெரியும் முறுக்காணிகள்கூட இப்போது கிடைக்கின்றன. குமிழ் நான்கு சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று. பழைய வடிவத்தின் மேல் ஆசை உள்ளவர்கள் அதை வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் விலை அதிகம். அதை வாங்க முடியாத இடங்களில், அந்த வகுப்பு மாதிரியான இடங்களில், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பென்சிலும் இருந்தாலே பாதிக் காரியம் நடக்கும்.

பழமொழியை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் வரும் பெண் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னால் நம்ப ஆளில்லை, அது நிஜமாகவே கோணலாக இருந்தாலும். ஆடத் தெரிந்தவள் சொன்னால்தான் நாலு பேர் தரையைக் குனிந்து பார்ப்பார்கள். அதனால் அதைச் சொல்ல வேண்டியது அவள்தான். அவளோ அந்தக் கோணலிலேயே நன்றாக ஆடப் பழகிவிட்டாள். அடுத்தவள் வழுக்கி விழும்போது சிரிக்காமல், தான் எந்த இடத்தில் காலை மாற்றி வைத்துச் சமாளித்தோம் என்று அவள் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் போதும்.